கார்த்தேஜ் யானையின் சரியான உயரம்

தப்பைக் கண்டால் கண்டும் காணாமல் போகிறவர்கள் உண்டு. தட்டிக் கேட்கிறவர்களும் உண்டு. இரண்டிலும் சேராமல், யார் கண்ணையும் உறுத்தாத ஒரு தப்பைத் தோண்டியெடுத்து, சோறு தண்ணீர் மறந்து அதைச் சரிசெய்துவிட்டு, நாலு பேர் நன்றி சொல்வார்கள் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. திருத்தர் என்று வைத்துக்கொள்வோம். நம்முடையவர் அதிலும் உயர்ந்த ரகம். ரோமாபுரித் திருத்தர்.

பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை. ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று பகலெல்லாம் ஊராரைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினால், கணினியில் போர் விளையாட்டு. ரோமையோ, அதன் எதிரியான கார்த்தேஜையோ எடுத்துக்கொண்டு, படை திரட்டி மற்றதை வீழ்த்தவேண்டும். நீங்களும் நானும் என்ன செய்வோம்? விளையாடுவோம். இவர் அதன் வயிற்றைத் திறந்து, உள்ளே இருப்பதை மாற்றி எழுதுவார். இதற்கு ‘மாட்’ என்று பெயர். மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டையும் கட்டி மேய்க்கிறவன் வேறு வேலை பார்க்க முடியாது.

முதலில் விருந்து மேசையிலிருந்த தக்காளியை எடுத்தார். அக்கால ரோமில் தக்காளி ஏது? பிறகு வெள்ளைவெளேரென்று நின்ற சிலைகளுக்கெல்லாம், அக்காலத்தில் இருந்தபடியே, வண்ணம் அடித்தார். பிறகு ஓலை கொண்டுபோகிறவன் நிஜத்தில் எத்தனை வாரம் நடப்பானோ அத்தனை வாரம் நடக்கும்படி செய்தார். ‘முற்றுகை வந்துவிட்டது, காப்பாற்றுங்கள்’ என்ற சேதி வந்து சேர்வதற்குள் கோட்டை எதிரி கைக்குப் போய், அவன் அதற்குச் சுண்ணாம்பும் அடித்திருப்பான்.

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரோடு இந்த விளையாட்டை ஆட ஓர் ஆள் இருந்தாள். மனைவி. ஆஸ்பத்திரியில் தாதி. வாரம் முழுக்க ஷிப்டில் ஒருவர் வர ஒருவர் போக, இருவரும் சேர்ந்து உட்கார்வது அந்த ஒரு மதியம்தான். அவள் எப்போதும் கார்த்தேஜ். காரணம் யானை.

ஒரு ஞாயிறு யானை குட்டியாக வந்து நின்றது.

“என் யானைய என்ன பண்ணீங்க?”

“கார்த்தேஜ் யானை இவ்ளோதான் இருக்கும். சரியான உயரத்துக்குக் கொண்டு வந்துட்டேன்.”

அவள் பொறுத்துக்கொண்டாள். அந்தக் குட்டி யானைகளையே தட்டிக்கொடுத்து, மலை தாண்டி, ஆறு தாண்டி, ரோமின் கோட்டைக் கதவுவரை வந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு கதவைத் தொட்டதும் படை தானாகத் திரும்பி நடந்தது. எந்தப் பட்டனை அழுத்தியும் நிற்கவில்லை.

“நிஜத்துல கார்த்தேஜ்காரங்க திரும்பித்தான் போனாங்க. வரலாறு,” என்றார்.

“நான் போகலியே,” என்றாள்.

அதற்கடுத்த ஞாயிறு துணி மடிக்கிற வேலை இருப்பதாகச் சொன்னாள். அதற்கடுத்தும் அதே. இரண்டு பேர் வீட்டில் அவ்வளவு துணி எங்கிருந்து வரும் என்று நம்மவர் யோசித்தாரா? இல்லை. விளையாட்டில் ரோமச் சிப்பாயின் செருப்பு வாரைத் திருத்திக்கொண்டிருந்தார்.

ஒரு மதியம் அடுத்த அறையில் சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தால் வீட்டுக்கு வந்திருந்த அவர் தங்கையும் மனைவியும் கட்டிலில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, கைவைக்கப்படாத பழைய விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கோட்டை மதில் உயரத்துக்கு யானைகள். ரோமாபுரி பற்றி எரிகிறது. மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாசற்படியில் தயங்கி நின்றார்.

அவள் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். “வாங்க. சும்மா உட்காருங்க, போதும்.”

உட்கார்ந்தார். திரையில் குதிரைப்படை பாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். மனிதர் உண்மையாகவே முயன்றார், நானே சாட்சி.

“இல்ல, அந்தக் குதிரையில கால் வைக்கிற அங்கவடி, அந்தக் காலத்துல ஏது...” என்றார்.

தங்கைக்கு எங்கோ போகவேண்டிய வேலை நினைவுக்கு வந்தது. மனைவி விளையாட்டை மூடிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

பாவம், என்ன மனிதர் என்கிறீர்களா? போகட்டும், உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். மேலே எழுதியதில் ஒரு சரித்திரப் பிழையை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். எங்கே என்று சொல்லமாட்டேன்.

தேடுங்கள், தேடுங்கள். அதற்கு முன்னால், பக்கத்து அறையிலிருந்து உங்களை இரண்டு தரம் கூப்பிட்டார்களே, காதில் விழுந்ததா?