நோயாளியின் முக்காலி

மருத்துவரைத் தேடிச் செல்வோர் யாவரும் நோயாளிகள் என்று எண்ணியிருந்தீர்களானால், அன்பர்களே, அந்த எண்ணத்தை இப்போதே கைவிடுங்கள். மேனியில் ஒரு கீறலும் இன்றி, வயிற்றில் ஒரு வலியும் இன்றி, மருத்துவர் அறைக்குள் எல்லாருக்கும் முன்னே நுழைந்து எல்லாருக்கும் பின்னே வெளியேறும் ஓர் இனம் நம்மிடையே செழித்து வாழ்கிறது. 'துணைக்கு வந்தவர்' என்பது அதன் பெயர். யார் அழைத்து வந்தார்? ஒருவரும் அழைக்கவில்லை. அழைத்தபின் வருகிறவர் உறவினர். அழையாமலே வருகிறவர்தாம் துணைக்கு வந்தவர்.

இவரை அடையாளம் காண்பது எளிது. நோயாளி உடுத்திருந்த துணியோடு கிளம்பியிருப்பார். இவரோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும், பையில் செருகிய பேனாவும், கழுத்தில் பூசிய பவுடருமாக, ஒரு திருமணத்துக்குச் செல்லும் ஆயத்தத்தோடு புறப்பட்டிருப்பார். நோயாளி நொண்டி நொண்டி வர, இவர் நெடுந்தொலைவு முன்னே விரைவார். பார்ப்பவர்களுக்கு அவசரம் யாருக்கு என்ற ஐயம் எழும். பேருந்தில் நோயாளியின் நோயை விசாரிப்பார். அறிந்துகொள்ள அன்று, திருத்துவதற்கு. தலைவி நாணி நிற்க, அவள் உள்ளத்தைத் தோழி எடுத்துரைப்பது பழந்தமிழ்ப் பாட்டின் மரபு. அந்தத் தோழிக்குப் பேசும் முன் தலைவியின் உள்ளத்தை அறிந்துகொள்ளும் தொல்லை இருந்தது. நம்மவருக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

சவ்வாது மலையில் இவ்வினத்தின் சிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார்: கோபால்சாமி. மலையிலிருந்து ஆலங்காயம் இறங்கும் காலைப் பேருந்தில் நோயாளி ஒருவர் ஏறினால் போதும், அடுத்த இருக்கையில் கோபால்சாமி தோன்றிவிடுவார். அடிவாரத்து மருத்துவர்கள் யாவரும் அவர் கூற்றின்படி 'நம்ம ஆளுங்க'. அந்த மருத்துவர்களுக்கு இச்செய்தி இன்னும் எட்டவில்லை.

சென்ற கார்த்திகையில் அவரிடம் அகப்பட்டவர் மங்கம்மாள். சாமை அறுக்கையில் அரிவாள் பட்டுப் பாதம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்துகொள்ளவே, தனியாகப் பேருந்து ஏறினார். கணவர் காப்பித் தோட்டத்து வேலைக்குக் கர்நாடகம் போயிருந்தார். காலில் இருந்த புண்ணைவிட மங்கம்மாள் கவனமாகக் காத்து வந்தது முந்தானை முடிச்சில் இருந்த ஒரு காலி மருந்துக் குப்பியை. ஓராண்டுக்கு முன் வேறோர் ஊரில், வேறொரு காய்ச்சலுக்கு, அந்த மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டு, வீடு திரும்புவதற்குள் உதடு தடித்து, கண்ணிமை வீங்கி, மூச்சு அடைத்து, அரசு மருத்துவமனையில் கிடந்து மீண்டவர் அவர். என்ன ஊசி என்று அங்கே கேட்டபோது கணவர் ஓடிப்போய்க் கொண்டுவந்த குப்பி அது. "எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதக் காட்டும்மா. இன்னொரு தடவ போட்டா உசிரு தங்காது" என்று அங்கிருந்த மருத்துவர் அம்மையார் சொல்லியனுப்பியிருந்தார். ஆதலால் அன்று மங்கம்மாள் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு செய்தி. அதை அவர் முதலில் கோபால்சாமியிடம் சொன்னார்.

"அண்ணா, ஊசி போடறதுக்கு முன்னாடி இந்தக் குப்பிய டாக்டருகிட்ட காட்டணும். போன வாட்டி..."

"அதுக்குத்தான நான் வர்றேன்? நீ பேசினா அவருக்கு இன்னா புரியும்? எங்க எதச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். நீ கம்முனு வா."

ஆலயத்தில் பெருமானுக்கும் அடியார்க்கும் நடுவே நந்தி வீற்றிருக்கும். அதன் செவியில் சொன்னது கருவறைக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. இந்த நந்தியின் செவியில் சொன்னது அங்கேயே செரித்துப்போகும்.

ஆலங்காயத்து மருத்துவமனையைப் பற்றியும் இரண்டு சொல் சொல்லத்தான் வேண்டும். வாயிற்பலகையில் மருத்துவரின் பெயர் சிறிதாகவும், பட்டங்கள் பெரிதாகவும், வரும் நேரம் எல்லாவற்றினும் பெரிதாகவும் எழுதியிருக்கும். எழுதிய நேரமும் அவர் வரும் நேரமும் இதுவரை ஒன்றையொன்று சந்தித்ததில்லை. தொலைக்காட்சி ஓடும், ஒலி வராது. கைக்குழந்தைகள் கத்தும், அதற்கு ஒலி உண்டு. தோற்பையும் கழுத்துப்பட்டையுமாக வரும் மருந்து நிறுவனத்து இளைஞர், நோய் ஏதும் இல்லாத ஒரே தகுதியால், காத்திருக்கும் அத்தனை பேரையும் கடந்து உள்ளே போவார். அவர் வெளியே வரும்போது அன்று ஊரில் பரவ வேண்டிய நோய் இன்னதென்று முடிவாகியிருக்கும்.

டோக்கன் கொடுக்கும் மேசையில் நதியா என்ற பெண் அமர்ந்திருந்தார்.

"யாருக்குப் பாக்கணும்?"

"எங்களுக்குத்தாம்மா."

"பேரு?"

"கோபால்சாமின்னு போடு. அந்தப் பேரச் சொன்னா டாக்டருக்குச் சட்டுனு தெரியும்."

நதியா அப்படியே போட்டார். மங்கம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டோக்கன் கோபால்சாமியின் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் அமர்ந்துவிட்டது.

பெஞ்சில் அருகிருந்த சகிலா, வாணியம்பாடியிலிருந்து தாய்வீடு வந்திருந்தவர், மங்கம்மாளின் காலைப் பார்த்து இரங்கினார். "ரொம்ப வலியாம்மா?"

"வலி உசுரு போவுது. ஜுரம் வேற" என்றார் கோபால்சாமி.

"நான் அவங்களக் கேட்டேங்க."

"அவங்களுக்குத்தான் சொல்றேன்."

"அப்ப நீங்க நொண்டலாம்ல? அவங்க கொஞ்சம் நேரா நடப்பாங்க."

கோபால்சாமி இதற்குப் புன்னகைத்தார். புகழ்ச்சி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை இவ்வினத்துக்கு உண்டு.

உள்ளே அழைப்பு வந்தது. மருத்துவரின் மேசை அருகே முக்காலி ஒன்றுதான் இருந்தது. நோயுற்றவர் அமர்வதற்கென்று இடப்பட்டது அது. அதில் அமர்ந்தவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மங்கம்மாள் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

மருத்துவர் நிமிரவில்லை. முகம் பார்ப்பது சோதிடர் தொழில் என்று அவர் அதை எந்நாளோ விட்டுவிட்டார். எதிரே இருப்பவர் முதற்சொல்லைச் சொல்லத் தொடங்கும்போது அவர் பேனா முதல் மருந்தை எழுதத் தொடங்கும். சொல் முடியுமுன் சீட்டு முடிந்துவிடும். டோக்கனைப் பார்த்து, "கோபால்சாமி. என்ன செய்யுது?" என்றார்.

"முட்டி வலின்னு வந்தேனே சார், ஆடி மாசம், அந்த கோபால்சாமிதான்."

"ம்."

"இப்ப கால்ல வெட்டு சார். ஜுரம். ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. வாயெல்லாம் கசப்பு."

கசப்பு அவராகச் சேர்த்தது. ஒரு நோயைப் பெற்றபடியே ஒப்படைப்பது கஞ்சத்தனம் என்று அவர் கருதினார்.

"சாப்பாடு?"

"எறங்கல சார்." பேருந்து நிலையத்தில் அவர் சாப்பிட்ட போண்டாக்கள் இதைக் கேட்டிருந்தால் வருந்தியிருக்கும்.

"முன்னாடி ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"

இதற்கு விடை சொல்லத்தான் மங்கம்மாள் மலையிறங்கி வந்தார். கேள்வி வந்துவிட்டது. முந்தானை முடிச்சில் கை போயிற்று. "அய்யா..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்! கல்லத் தின்னாலும் ஒத்துக்கும். ஊசியே போட்டுடுங்க. ஊசின்னாதான் கேக்கும்."

மருத்துவர் கேள்வியைக் கேட்டுவிட்டார், விடையும் வந்துவிட்டது. அது யாருடைய விடை என்று ஆராய்வது அவர் தொழில் அன்று. "நதியா, ஊசி எடுத்துட்டு வா" என்று குரல் கொடுத்தார். கொடுத்துவிட்டு, குனிந்த தலை குனிந்தபடியே தெர்மாமீட்டரை உதறி, முக்காலிக்கு மேலே எங்கே ஒரு வாய் இருக்குமோ அங்கே நீட்டினார். அறையில் திறந்திருந்த வாய் அது ஒன்றே. கண்ணாடிக் குச்சி நாவுக்கடியில் போய் அமர்ந்தது.

"வாய மூடுங்க. நான் எடுக்கற வரைக்கும் பேசக் கூடாது."

கோபால்சாமி வாயை மூடினார். நினைவு தெரிந்த நாள்முதல் அவர் செய்திராத காரியம். மின்விசிறிக்கு ஓசை உண்டு என்பதை அறையில் இருந்தவர்கள் அப்போதுதான் அறிந்தார்கள்.

நதியா தட்டோடு வந்தார். தட்டில் ஊசிக்குழலுக்கு அருகே ஒரு குப்பி. அதே சிவப்பு மூடி. அதே எழுத்து. மங்கம்மாள் திரைச்சீலையை விட்டார். வீங்கிய காலை ஊன்றியே முன்னே வந்தார். முடிச்சை அவிழ்த்துத் தம் குப்பியை மேசைமேல், எழுதிக்கொண்டிருந்த சீட்டின் மீதே வைத்தார்.

"அய்யா, இந்த ஊசி எனக்கு வாணாங்க. போன வருசம் இதப் போட்டு மூஞ்சி வீங்கி, மூச்சு நின்னு, செத்துப் பொழச்சேன். இன்னொரு வாட்டி போட்டா உசிரு தங்காதுன்னு சொல்லிக்கீறாங்க."

மருத்துவர் நிமிர்ந்தார். ஆம், நிமிர்ந்தார். குப்பியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மங்கம்மாளைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"பேசன்ட்டு நாந்தாங்க."

"அப்ப இவரு?"

"தொணைக்கு வந்தாருங்க."

"ம்ம்! ம்ம்ம்!" என்றது முக்காலி.

"பேசாதீங்க, இன்னும் ஆகல" என்றார் மருத்துவர். "எழுந்து அப்படி நில்லுங்க. நீங்க உக்காருங்கம்மா."

நந்தி விலகிற்று. மங்கம்மாள் அமர்ந்தார். மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்தார், வெட்டு எப்போது பட்டது என்று கேட்டார், அதற்கு விடையையும் அவர் வாயாலேயே கேட்டார். நதியா தட்டைத் திருப்பி எடுத்துப் போனார். புண்ணுக்குக் கட்டும் காய்ச்சலுக்கு வேறு மருந்தும் ஆயிற்று. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க மங்கம்மாளுக்குத் தேவைப்பட்டது, ஒருவர் நாவின்கீழ் ஒரு கண்ணாடிக் குச்சி கிடக்கும் நேரந்தான்.

கடைசியில் மருத்துவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "உங்களுக்கு ஜுரம் இல்ல."

"எனக்கு எதுக்கு சார் ஜுரம்?" என்றார் கோபால்சாமி, மிகுந்த மனக்குறையோடு.

அடுத்த டோக்கன் உள்ளே வந்தபோது மருத்துவர் மறுபடியும் குனிந்திருந்தார். நிமிர்வது அவர் கழுத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

திரும்பும் பேருந்தில், மலைவளைவுகள் தொடங்குமுன்பே, கதை தொடங்கிவிட்டது. முன்னிருக்கைக்காரர், பின்னிருக்கைக்காரர், நடத்துநர் யாவருக்கும் கோபால்சாமி உரைத்தார். "நான் மட்டும் கூடப் போவலன்னா கதையே முடிஞ்சிருக்கும். நேரா டாக்டரப் பாத்து, இந்த ஊசி வாணாம் சார்னு சொன்னேன். ஆடிப் போய்ட்டாரு!"

மங்கம்மாள் சன்னலோரம் இருந்து திரும்பினார். "நெசந்தாண்ணா. நீங்க வாய மூடிக்கினு ஒக்காந்தீங்களே, அதான் என்னக் காப்பாத்திச்சி. அந்தக் கண்ணாடிக் குச்சி ஒண்ணு வாங்கி வூட்ல வச்சிக்குங்க. அண்ணிக்கு ஒதவும்."

பேருந்து குலுங்கியது, சாலையால் மட்டும் அன்று. கோபால்சாமியும் சேர்ந்து சிரித்துவிட்டு, எல்லாரையும் பார்த்து விளக்கினார்: "எங்க வூட்டுக்காரிக்கு அடிக்கடி ஜுரம் வரும். அதச் சொல்லுது."

நீங்களும் சிரித்திருப்பீர்கள். மலையில் ஒரு கோபால்சாமி, நமக்கென்ன என்றிருப்பீர்கள். நல்லது. கடைசியாக உங்கள் வீட்டில் ஒருவரை மருத்துவரிடம் அழைத்துப் போனீர்களே, அவரைச் சற்று அருகே அழையுங்கள். அவரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு: ஐயா, அல்லது அம்மா, அன்று உங்கள் வலி எங்கே இருந்தது என்று மருத்துவரிடம் சொன்னது யார்?

பொறுங்கள், நீங்கள் விடை சொல்ல வேண்டாம். நான் அவரைக் கேட்டேன்.