அகலமும் தடிமனும்

வரைபடத்தில் மடிப்பு விழுகிற இடத்தில் இருந்ததால் அங்கிநாட்டை வெளியார் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. அதை ஆண்ட பெருந்தலைவர் மட்டும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை சந்தை வழியாகப் பல்லக்கில் போகையில், சட்டையைத் திறந்துபோட்டு நின்ற ஒருவன் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக அவருக்குத் தோன்றியது.

"நெஞ்சைத் திறந்து காட்டுகிறவன் வேறெதையோ மறைக்கிறான்" என்றார் சபையில். சபை தலையாட்டியது.

ஆணும் பெண்ணும் கழுத்துவரை பொத்தான் போட வேண்டும் என்று ஆணை வந்தது. பொத்தான்கள் நாடெங்கும் ஒரே அளவு. அவை நுழைகிற காஜாவையும் அரசே வெட்டித் தந்தது. ஆனால் காஜாவைப் பொத்தானின் அகலத்துக்கு வெட்டியவர்கள், தடிமனுக்கு இடம் விடவில்லை. ஜனங்கள் நகம் பெயரத் தள்ளியும் பொத்தான் உள்ளே போகவில்லை. போடாதவனைத் துரோகி என்று காவலர் பிடித்தார்கள். எப்படியோ போட்டுவிட்டவனை ஒற்றன் என்று அண்டைவீட்டார் ஒதுக்கினார்கள். யாரைக் கண்டாலும் முதலில் நெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள்.

ஓடக்காரன் மருதப்பனுக்கு அவன் மனைவி தில்லைநாச்சி காஜாவில் எண்ணெய் தடவி, பாதிவரை பொத்தானை நுழைத்து அனுப்பினாள். நடு ஆற்றில் துடுப்பை இழுத்ததும் நெஞ்சு விரிந்தது. பொத்தான் வெளியே வந்துவிட்டது. அக்கரையில் காவலர்கள் தயாராக நின்றிருந்தார்கள். ஓடத்தில் வந்தவர்களில் யார் சைகை காட்டியது என்று கடைசிவரை தெரியவில்லை.

தில்லைநாச்சி காஜா வெட்டித் தந்த அளவைத் துறைக்குப் போனாள். துறைத்தலைவர் கீர்த்திவர்மர் அவளை மரியாதையாக உட்காரவைத்தார்.

"ஐயா, காஜா சின்னதா இருக்குங்க. இது அவர் குத்தம் இல்லைங்க."

"தெரியும் தாயே. அளந்துதான் வெட்டினோம்."

"தெரிஞ்சுமா அப்படி வெட்டுனீங்க?"

"எல்லாருக்கும் பொருந்திவிட்டால் நாங்கள் யாரைச் சந்தேகிப்பது? இத்தனை காவலரும் என்ன செய்வார்கள்?" அவர் கோபப்படவில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவள் வெளியே வந்து, கேட்டதைப் படித்துறையில் சொன்னாள். சொல்லும்போதே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் காவலர் வரவில்லை. அதற்குப்பின் மற்றவர்களும் மெல்லப் பேசத் துணிந்தார்கள். அந்தப் பேச்சு ஊர் ஊராகப் பரவி, தேர்தல் வந்தபோது காஜா கட்சியாகிவிட்டது. "பெரிய காஜா, நிம்மதியான மூச்சு" என்றார்கள். தில்லைநாச்சி வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டாள். பெருந்தலைவர் தோற்றார்.

மருதப்பன் விடுதலையாகி வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். அவள் சோறு போட்டாள். அவன் கை வைக்கவில்லை.

"அன்னிக்கு நான் ஓடத்தை எடுக்கறப்ப, கரையில யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்தியே. யார் அது?"

"மீன்காரம்மாங்க."

"ம்" என்றான். அவன் நம்பவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அழுகை வந்தது, அழுதால் அதையும் சந்தேகிப்பானோ என்று அடக்கிக்கொண்டாள்.

புதிய அரசு சொன்ன சொல் தவறவில்லை. எல்லாச் சட்டையிலும் காஜாவைப் பெரிதாக்கியது. பொத்தான்கள் வழுக்கிக்கொண்டு நுழைந்தன. ஊரே கொண்டாடியது. மறுநாள் ஓடத்தின் கயிற்றை அவிழ்க்கத் தில்லைநாச்சி குனிந்தாள். நுழைந்த சுலபத்திலேயே அத்தனை பொத்தானும் கழன்றுகொண்டன. திறந்த சட்டை துரோகம் என்ற சட்டத்தை யாரும் நீக்கியிருக்கவில்லை. காவலர்கள் அவளை அளவைத் துறைக்குக் கூட்டிப்போகும்போது மருதப்பன் துடுப்போடு அப்படியே நின்றான்.

அங்கே சுவரிலிருந்த தலைவர் படம் மட்டும் மாறியிருந்தது. கீர்த்திவர்மர் அதே நாற்காலியில் இருந்தார்.

"இப்ப காஜா ரொம்பப் பெருசுங்க ஐயா. தானா கழலுது."

"தெரியும் தாயே."

தேர்தல் மை முழுதும் அழியாத விரலால் அவள் சட்டையைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். அவர் அந்த விரலைப் பார்த்துவிட்டு, அன்பாகவே சொன்னார்:

"போன முறைதான் யாரையும் கேட்காமல் வெட்டினோம். இந்த முறை உங்களைக் கேட்டுத்தானே வெட்டினோம்?"