சவக்காலையில் ஒரு கெட்டிமேளம்

மனிதனுக்கு நாக்குக்கு அடுத்தபடி சொல்வழி கேளாத உறுப்பு எதுவென்று கேட்டால், பழக்கம் என்றுதான் சொல்வேன். (பழக்கம் ஓர் உறுப்பு இல்லை என்கிறாள் என் மகள். அவள் பல்கலைக்கழகம் போனவள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கையும் காலும் எனக்குச் செய்யாத துரோகத்தைப் பழக்கம் செய்திருக்கிறது. ஆகவே அதையும் உடம்போடுதான் சேர்க்கவேண்டும்.)

அது என்ன பழக்கம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவில் ஒரு முருகன் கோவிலில் நான் சங்கு ஊதுகிறவன். சம்பளத்துக்கு இல்லை, முருகனுக்காக. அந்தத் தகுதியில், தெரிந்தவர்கள் வீட்டுக் கலியாணங்களிலும் எனக்கு ஒரு வேலை தருவார்கள். இங்கே மண்டபங்களில் மணவறையைச் சுற்றி வீடியோக்காரர் மதில்போல நிற்பார்கள். தாலி கட்டும் நேரம் ஐயர் விரலைத் தூக்கி ஆட்டுவது மேளக்காரருக்குத் தெரியாது. ஆகவே நடுவில் ஒரு கதிரைமேல் நான் ஏறி நிற்பேன். ஐயரின் விரல் எழும்பியதும் மேளக்காரர் பக்கம் திரும்பி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்துவேன். நாதஸ்வரமும் தவிலும் வேகமாக வெடிக்கும். அந்த நேரம் யாராவது தும்மினாலோ அழுதாலோ, அந்தச் சத்தம் மணமக்களின் காதில் விழக்கூடாது, அதற்காகத்தான் அது. வருடக்கணக்காகச் செய்ததில், இந்த வேலைக்கு மூளை தேவையில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டேன். விரல் தெரிந்தால் போதும்.

இனி இயனின் கதைக்கு வருகிறேன்.

நான் வேலை செய்த பேக்கரியில் அடுப்புப் பக்கம் என்னோடு நின்றவன் இயன். என் வயதுதான். ஸ்கொட்லாந்தில் பிறந்து, என்னைப் போலவே இளம் வயதில் இந்தக் குளிருக்குள் வந்து விழுந்தவன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் சங்கு ஊதுகிற கதையைச் சொன்னேன். அவன் உடனே என் கன்னங்களை, ஆடு வாங்க வந்தவன் பார்ப்பதுபோலப் பார்த்தான். அடுத்த வியாழக்கிழமை அஜக்ஸில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே சிலர் வட்டமாக நின்று பைப் ஊதிக்கொண்டிருந்தார்கள். பெரிய மேளத்தை நெஞ்சில் தொங்கவிட்டபடி ஒரு தமிழனும் நின்றான். மன்னார் அல்போன்ஸ்.

"வாங்கோ அண்ணை," என்றான். "இதிலை மூச்சிருக்கிறவன் ஊதுவான். இல்லாதவன் அடிப்பான்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பையை அக்குளுக்குள் இடுக்கி, வாயால் காற்றை நிரப்பி, முழங்கையால் அமர்த்தவேண்டும். தோளில் சாய்ந்திருக்கும் குழல்கள், நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுவதுபோல ஒரே சுருதியை விடாமல் பிடிக்கும். கீழே தொங்கும் குழலில் விரல் வைத்துப் பாட்டை வாசிக்கவேண்டும். பை மாட்டுத்தோலா என்றுதான் நான் முதலில் கேட்டேன். இல்லை, ஏதோ செயற்கைத் துணி என்று இயன் சத்தியம் செய்தபிறகுதான் வாயை வைத்தேன். அப்படியிருந்தும் என் மனைவி பவானி அதைச் சுவாமியறை இருக்கிற வீட்டுக்குள் விடவில்லை. கராஜில், காரின் பனிக்காலச் சில்லுகளுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது. பயிற்சியும் அங்கேதான். நான் கராஜ் கதவைத் திறந்தாலே பக்கத்து வீட்டு நாய் யாரும் கூப்பிடாமல் உள்ளே போய்விடும்.

பைப் ஊதுகிறவர்கள் உடுக்கும் கட்டம் போட்ட பாவாடையை முதன்முறை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது பவானி என்னைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தாள். பிறகு, "சாரத்தை மடிச்சுக் கட்டினாலும் இதைவிட மரியாதையா இருக்கும்," என்றாள்.

ஆனால் சந்தோசம் என்றால் அது சந்தோசம். எல்லோருடைய ஒத்தும் ஒரே சுருதியில் வந்து சேரும் ஒரு கணம் இருக்கிறது. நெஞ்செலும்புக்குள் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். கோவிலில் பஞ்சாராத்தி காட்டும்போது மணி, மேளம், சங்கு எல்லாம் ஒன்றாக எழும்பும் அல்லவா, அப்போது எனக்குக் கண் நிறையும். இதற்கும் அப்படியே நிறைந்தது. முருகனுக்கு இது பிடிக்காமல் இருக்குமோ என்று பயந்து அவரிடம் கேட்டும் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வியாழனும், அடக்கங்களுக்கான மெதுவான இரங்கல் பாட்டைப் பழகிவிட்டு, கடைசியில் ஒரு வேகமான அணிநடைப் பாட்டு வாசிப்போம். இயன் காலால் நிலத்தை உதைத்து உதைத்து எங்களைத் துரத்துவான். முடியும்போது எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு சிரிப்போம். என்ன பகிடி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பேக்கரிச் சூட்டில் நாள் முழுக்க வெந்த இரண்டு பேர், அப்படிச் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

பிறகு இயனுக்குக் கணையத்தில் வருத்தம் வந்தது. இலைகள் நிறம் மாறும்போது படுத்தவன், மரங்கள் மொட்டையாகும்போது முடிந்துபோனான். அவ்வளவு கெதியில்.

ஆசுபத்திரியில் அவனைக் கடைசியாகப் பார்த்த அன்று நான் திருநீறு கொண்டு போயிருந்தேன். பூசட்டோ என்று கேட்டேன். பூசு என்றான். பிறகு என் கையைப் பிடித்துச் சொன்னான்:

"மற்றவங்கள் பிழையில்லாமல் வாசிப்பாங்கள். நீ கும்பிடுற மாதிரி வாசிக்கிறாய். என்னைக் குழிக்குள்ளை இறக்கேக்கை நீதான் தொடங்கவேணும். அந்த மெதுவான பாட்டை."

(அவன் சொன்னது இங்கிலிசில். என் காதுக்குள் அது தமிழாகத்தான் இருக்கிறது.)

முருகன்மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். என்னிடம் ஒருவன் கேட்ட கடைசிக் காரியம் அது. வேலையால் வந்ததும் கராஜுக்குள் போய் அந்த இரங்கல் பாட்டையே வாசித்தேன். பவானி, பாவம், அந்த ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டுதான் கறி தாளித்தாள்.

அடக்கம் ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு பெரிய சவக்காலையில். காலையிலிருந்து தூறல். வானம் சாம்பல் கரைத்து ஊற்றியதுபோல இருந்தது. ஏற்பாடு இதுதான்: நான் தனியே மெதுவான பாட்டைத் தொடங்குவேன். பைப் சத்தம் கேட்டதும் சவக்காலை வேலையாட்கள் பெட்டியை இறக்குவார்கள். இரண்டாம் சுற்றில் மற்றவர்கள் சேர்வார்கள். இயனின் மகன் கொலின் மட்டும் இன்னும் வரவில்லை. கல்கரியிலிருந்து வரும் விமானம் பனியால் தாமதம். பிறகு 401 நெடுஞ்சாலையில் நெரிசல். பாதிரியார் ஜெபத்தை நீட்டி நீட்டிப் பார்த்து, கடைசியில் அவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

நான் பையை நிரப்பி, குழலை வாயில் வைத்தபடி ஆயத்தமாக நின்றேன். விரல்கள் விறைத்திருந்தன. மனதுக்குள் கந்தசஷ்டிக் கவசம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது இயனின் மனைவி மார்கரெட்டின் கைத்தொலைபேசி அடித்தது. அவள் அதைக் காதில் வைத்துக் கேட்டாள். எங்கள் பக்கம் திரும்பினாள். வலக்கைச் சுட்டுவிரலை உயர்த்தி ஆட்டினாள்.

மகன் வந்துவிட்டான், கொஞ்சம் பொறுங்கள் என்று அதற்கு அர்த்தம். உலகத்தில் எல்லோருக்கும் அதுதான் அர்த்தம்.

எனக்கு அது ஐயரின் விரல்.

வாயில் குழல் இருந்தபடியால் "கெட்டிமேளம்" என்று கத்தவில்லை. (அதற்கு முருகனுக்குத்தான் நன்றி.) மற்ற எல்லாம் நடந்தது. மெதுவான பாட்டு எங்கோ போய்விட, வியாழக்கிழமைகளில் கடைசியாக வாசிக்கும் அந்த வேகமான பாட்டு என் விரல்களில் வந்து ஏறியது. கலியாண வேகத்தில் ஊதினேன். பின்னாலே அல்போன்சின் மேளம் இடிபோல வந்து சேர்ந்துகொண்டது. மேளத்தில் அடி விழுந்துவிட்டால் குழு நிற்காது. மற்றவர்களின் கைகளும் தாமாகவே சேர்ந்துவிட்டன. வேலையாட்களுக்கு மெதுவானது எது, வேகமானது எது என்று தெரியுமா? பைப் கேட்டது. பெட்டியை இறக்கத் தொடங்கினார்கள். இயன், ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன்போலக் கீழே போய்க்கொண்டிருந்தான்.

மார்கரெட் ஓடிவந்து இரண்டு கையையும் தலைக்குமேல் வீசினாள். கலியாண வீட்டில் அதற்கு, இன்னும் பலமாக அடி என்று அர்த்தம். நானும் அப்படியே செய்தேன்.

எங்கள் குழுவின் தலைவரை பைப் மேஜர் என்பார்கள். அவர் வாசித்துக்கொண்டே கண்ணால் என்னைக் கொன்றார். கடைசியில் பாதிரியார் வந்து என் தோளில் கையை வைத்தபோதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்கு விளங்கியது. வாயை எடுத்தேன். ஆனால் இந்த வாத்தியம் வாயை எடுத்தவுடன் நிற்காது. பைக்குள் இருக்கிற காற்று முடியும்வரை முனகும். எல்லோரும் நிறுத்திவிட்ட அந்த அமைதியில், என் பை மட்டும் கசாப்புக்கடை வாசலில் நிற்கிற ஆடுபோல நீளமாக ஒருமுறை அழுது ஓய்ந்தது.

பெட்டி பாதி வழியில் நின்றது. மேலே எடுக்கலாமா என்று பைப் மேஜர் வேலையாளிடம் கேட்டார். இது கீழேதான் போகும், மேலே வராது என்றான் அவன். தூறல் பெட்டியின் மூடியில் விழுகிற சத்தம் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அல்போன்ஸ் என் காதடியில் குனிந்தான்.

"ஏன் அண்ணை தொடங்கினனீங்கள்?"

"விரல் காட்டினவ."

"அது பொறுக்கச் சொல்லி."

"அப்ப நீ ஏன்ரா அடிச்சனி?"

"நீங்கள் கெட்டிமேளம் துவங்க, நான் சும்மா நிக்கிறதோ?"

அதற்குள் கல்லறைக் கற்களுக்கு நடுவே யாரோ ஓடிவருவது தெரிந்தது. கொலின்தான். பெட்டி இருக்கிற ஆழத்தைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் சேற்றில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே நீட்டினான். எட்டவில்லை. உடம்பை இன்னும் முன்னால் அரக்கினான். மேளத்தைக் கழற்றி வைத்துவிட்டு அல்போன்ஸ் ஓடிப்போய் அவனுடைய இடுப்புப் பட்டியைப் பின்னாலே பிடித்துக்கொண்டான். அப்படித் தொங்கிக்கொண்டுதான் அந்தப் பிள்ளை தகப்பனுடைய பெட்டியைத் தொட்டது. விரல் நுனிகள் மட்டும்.

அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பொறுத்திருந்தால் அவன் நின்றபடியே முழுக்கையையும் வைத்திருக்கலாம்.

மார்கரெட் என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவள் ஒரு சொல்தான் சொன்னாள்: "இப்ப."

மெதுவான பாட்டைத் தொடங்கினேன். தொடங்கினேன் என்பது பொய். மூச்சு பைக்குப் போதவில்லை, விரல்கள் துளைகளைத் தேடிக்கொண்டிருந்தன. தோள் குழல்களின் ஒற்றைச் சுருதி மட்டும்தான் வந்தது. பைப் மேஜர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரே பாட்டை எடுத்தார், மற்றவர்கள் சேர்ந்தார்கள். நாதஸ்வரம் வாசிக்க வந்தவன் கடைசிவரை ஒத்துக்காரனாக நின்றேன். மீதித் தூரம் இயன் அந்தப் பாட்டோடுதான் மெதுவாக இறங்கினான். சத்தியம் பாதி காப்பாற்றப்பட்டது என்று சொல்லலாம். பாதிச் சத்தியத்துக்கு முருகனிடம் என்ன கணக்கு இருக்கிறதோ தெரியாது.

பிறகு ஒரு மண்டபத்தில் தேநீரும் சான்ட்விச்சும் கொடுத்தார்கள். நான் கோட்டுகள் கொழுவியிருந்த மூலையில் போய் நின்றேன். கோட்டுகள் மட்டும்தான் என்னைப் பார்க்கவில்லை. கொலின் சேறு காயாத உடுப்போடு தேடி வந்தான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவன் விடவில்லை.

"வாசலிலை இறங்கினாப்பிறகு எந்தப் பக்கம் எண்டு தெரியேல்லை," என்றான். "எல்லாக் கல்லும் ஒரே மாதிரி. அதைத்தான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு நிண்டனான். அப்பதான் நீங்கள் ஊதினீங்கள். அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு ஓடிவந்தன்."

சிரிக்காமல்தான் சொன்னான். உண்மையோ, ஆறுதலுக்குச் சொன்னதோ, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் பயம்.

செத்தவீட்டால் வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் போகமுடியாது. குளிர்காலத்துக்காக வெளிக்குழாயைப் பூட்டியாகிவிட்டது. நனைந்த பாவாடையோடு கராஜில் நின்று, சுடுதண்ணீர் வாளியோடு வந்த பவானியிடம் நடந்ததையெல்லாம் சொல்லி அழுதேன். அவள் தண்ணீரை என் தலையில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அங்கை ஆரும் அழுத சத்தம் கேட்டதோ?"

எங்கே கேட்பது, நாங்கள்தான் அந்த வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தோமே என்றேன்.

"அப்ப என்ன. கெட்டிமேளம் செய்யிற வேலையைத்தானே செய்திருக்கு. கண்ணை மூடுங்கோ, சவர்க்காரம் போகப்போகுது."

அதன்பிறகு கலியாணங்களில் என்னைக் கதிரையில் ஏற்ற ஒருவரும் துணியவில்லை. குழுவிலிருந்து விலத்துவார்கள் என்று நினைத்தேன். விலத்தவில்லை. ஆனால் "கெட்டி" என்ற சொல் அவர்களுடைய பாஷைக்குள் போய்விட்டது. நேரத்துக்கு முன்னால் யார் தொடங்கினாலும் அதற்குப் பெயர் கெட்டி. எந்த அடக்கத்துக்குப் போனாலும் பைப் மேஜர் வரிசை வழியே நடந்து வந்து, என் முன்னால் நின்று, "நோ கெட்டி" என்கிறார். அதற்குத் தமிழில் "முந்துதல்" என்று அர்த்தமாம், புதிதாக வருபவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார். நான் திருத்தப் போகவில்லை. எங்கள் வீட்டிலும் இது தீராத பகிடி. விருந்தினர் யாராவது கதைக்கும்போது விரலை நீட்டினால், மகள் பாய்ந்து போய் அதை மடக்கிவிடுவாள். "அங்கிள், அப்பா இருக்கிறார்," என்பாள்.

ஒவ்வொரு வருடமும் இயனின் நினைவு நாளுக்கு மார்கரெட் என்னைக் கூப்பிடுவாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். கல்லுக்கு முன்னால் நின்று அந்த மெதுவான பாட்டைத் தொடக்கம் முதல் முடிவுவரை வாசிப்பேன். இப்போது பிழை வருவதில்லை. எவ்வளவு குளிரென்றாலும், மூக்கு ஒழுகினாலும், கண் நனைந்தாலும் மார்கரெட் துடைக்கமாட்டாள். பாட்டு முடியும்வரை இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் ஆழமாக வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள்.