உங்கள் தங்கைக்கு மூவாயிரம் வோல்ட்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு நலம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கும் எல்லோரும் நலமென்று நம்புகிறேன். மீதியை உட்கார்ந்து படிக்கவும்.

உங்கள் தங்கையின் கல்லீரலில் கட்டி இருப்பதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அது பெரிய ரத்தக் குழாயை ஒட்டி, காலி பண்ண மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது. வெட்டி எடுக்க வழியில்லை, சூடு வைத்துப் பொசுக்கினால் பக்கத்தில் இருக்கும் பித்தக் குழாயும் வெந்துபோகும், ஆகவே சுற்றிலும் ஊசிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சப்போகிறோம் என்றார் டாக்டர். மில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவனிடம் சொல்கிற பேச்சா இது? மனிதர்கள் மேல் மின்சாரம் படாமல் பார்த்துக்கொள்ளத்தானே எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள்.

"எத்தனை வோல்ட்?" என்றேன்.

"மூவாயிரம் வரைக்கும் போகும்."

"எர்த் எங்க குடுப்பீங்க?"

அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை மதிக்கிறேன். "ஐயா, கண் இமைக்கிறதை விட ரொம்பக் குறைஞ்ச நேரம்தான் பாயும். சூட்டால கொல்றது இல்ல. கட்டியோட செல் சவ்வுல ஓட்டை விழும், அது தானா செத்துப்போகும். ரத்தக் குழாய் பெரும்பாலும் தப்பிச்சுக்கும். இதயத் துடிப்பைப் பார்த்துத்தான் மெஷினே கரண்ட் விடும்" என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். உங்கள் தங்கை அசையவில்லை.

"ஈரல் யாரோடது?" என்று கேட்டாள்.

"உன்னோடது."

"அப்ப உக்காருங்க. டாக்டர், நீங்க தேதி சொல்லுங்க."

குறித்த தேதியில் அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, "போய் ஏதாவது சாப்பிடுங்க" என்றாள், கடைக்குக் கிளம்புகிறவள் போல. நான் வெளியே பெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நடுவில் தலைக்கு மேலிருந்த ட்யூப் லைட் மினுக்கியது. உள்ளே லோடு ஏறிவிட்டது, மெயினை அணையுங்கள் என்று காவலாளியிடம் நிதானமாகத்தான் சொன்னேன். "அது போன மாசத்துலேருந்தே அப்படித்தான் சார்" என்றார். மறுபடி உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் டாக்டர் வந்து, "நல்லபடியா முடிஞ்சுது. கட்டி முழுக்க கரண்ட் பட்டிருக்கு. அடுத்த மாசம் ஸ்கேன் பார்த்துட்டு உறுதியாச் சொல்றேன்" என்றார். சரி என்று தலையசைத்தேன், அவ்வளவுதான்.

ஆகவே தாங்கள் பதறி ஓடிவர வேண்டாம். ஆஸ்பத்திரியில் கூட இருந்து கவனிக்க ஒரு ஆள் போதும். அந்தக் கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
எதற்கும் கலங்காத மைத்துனன்

பி.கு.: அண்ணா, இதுவரைக்கும் அவர் சொல்லச் சொல்ல எழுதினது நான்தான். டாக்டர் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னாராம். இவர் தலையசைச்ச கையோட மயங்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைச்சுக்கிட்டார். என்னை முந்தாநாளே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. இவரைத்தான் பிரஷர் இறங்கலைன்னு இன்னும் படுக்க வெச்சிருக்காங்க. ஊசி போட்ட இடம் எனக்கு இன்னும் வலிக்குது, இவரைத் தாங்கி நடத்த முடியல. உடனே கிளம்பி வாங்க. என் கையெழுத்து உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் நீங்க வந்ததும் கலங்கவே இல்லைன்னு இதையெல்லாம் அவர் திரும்ப ஒருதரம் சொல்லுவார், நம்பின மாதிரியே கேட்டுக்குங்க.