அவிநாசி ரோட்டில் நான் விரித்த நடைபாவாடை

கண்ணுகளா, உங்கள் பெரியப்பா சூப்பர்வைசராகவும் நான் இன்னும் கட்டிங் டேபிளிலும் இருப்பதற்கு விதிதான் காரணம் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். பொய். காரணம் பொறாமை. (என்னுடையதுதான்.)

நாங்கள் இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரே பனியன் கம்பெனியில் வேலை. அவர் மீசை என் மீசையைவிட அடர்த்தி என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒருநாள் உங்கள் பெரியம்மா வந்து, பெரியப்பா ஒரு போலீஸ்காரரையே மிரட்டி அனுப்பிய கதையைச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சோறு போடும்போது உங்கள் அம்மா ஆரம்பித்தாள்.

“மாமாவப் பாத்துப் போலீசே பம்முச்சாமாங்க. நீங்க வாட்ச்மேனப் பாத்தாலே வண்டிய விட்டு எறங்கிருவீங்க.”

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. (ரசத்துக்கு மறுசோறு வாங்கியது வேறு விஷயம்.) வண்டி ஓட்டுகிறவனின் உரிமைகள் பற்றிய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தேன்.

அந்த வாரம்தான் முதலாளி எங்களில் ஒருவரைச் சூப்பர்வைசராக்குவதாக இருந்தார். அவிநாசிச் சாயப்பட்டறையிலிருந்து சாம்பிள் துணி ரோல்களை ஆளுக்கொன்றாக எடுத்துவரச் சொன்னார். “பதினொரு மணிக்குள்ள வந்தாகோணும். அழுக்குப் படக்கூடாதுங்க.” எனக்கு வாய்த்தது வெள்ளை ரோல்.

பாதி வழியில், தூரத்தில் போலீஸ் சோதனை தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டியை நிறுத்தி, ரோலைக் கட்டியிருந்த இரண்டு கயிறுகளில் ஒன்றை அவிழ்த்து, செல்போனை ஹேண்டில்பாரில் கட்டி, வீடியோவை ஓடவிட்டேன். உங்கள் அம்மா பார்க்க வேண்டுமே!

நினைத்தபடியே எஸ்.ஐ. கை காட்டினார். நிறுத்தினேன், இன்ஜினை அணைக்கவில்லை.

“ஏனுங்க, கொஞ்சம்...”

“மொதல்ல எதுக்கு நிறுத்துனீங்கன்னு சொல்லுங்க! சாவிய எடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லீங்க!”

“சாவிய நான் எங்கீங்க எடுத்தேன்?”

“எடுக்கப் போறீங்க! உங்க பேரச் சொல்லுங்க. வீடியோ ஓடுது!”

“ஓடட்டுங்க. அதக் கொஞ்சம் பின்னாடி திருப்புங்க.”

திரும்பினேன். ரோலில் பாதிதான் இருந்தது. மீதி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நடைபாவாடை விரித்ததுபோல, அவிநாசி ரோட்டில் வெள்ளை வெளேரென்று நீண்டு கிடந்தது. அதன்மேல் ஒரு தண்ணீர் லாரி மரியாதையாக ஏறி வந்துகொண்டிருந்தது.

அப்போது பின்னாலேயே வந்தார் உங்கள் பெரியப்பா. ஓரங்கட்டினார், இன்ஜினை அணைத்தார், ஹெல்மெட்டைக் கழற்றினார். “வணக்கமுங்க ஐயா. என்ன விசயமுங்க?” எஸ்.ஐ. சிரித்தார். (என்னிடம் சிரிக்கவேயில்லை.) வருகிற வண்டிகளை அவரே கை காட்டி நிறுத்திக்கொடுக்க, நாங்கள் துணியைச் சுருட்டினோம்.

“நீங்க போலீஸ மிரட்டுனீங்களாமா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“நானா? எனக்கே பயமாப் போச்சுங்க சகலை. ஒருத்தரு ரசீது இல்லாமக் காசு கேட்டாரு. ரசீது குடுங்கய்யா, கட்டிப்போடறேன்னேன். ‘செரி, போ’ன்னுட்டாரு. எம் பொண்டாட்டிதான் அத ஊதிப் பெருசாக்கிட்டா.”

அவ்வளவுதான் கண்ணுகளா. நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள். கேட்கும் பேப்பரைக் காட்டுங்கள். என்ன தப்பு என்று தாராளமாகக் கேட்கலாம், ரசீதும் கேட்கலாம். மரியாதை இல்லாமல் பேசினால் அங்கே மல்லுக்கட்டாமல், பேரையும் நேரத்தையும் குறித்துவைத்து, அப்புறம் மேலதிகாரியிடம் புகார் கொடுங்கள். ஆனால் போலீஸ்காரர் தப்பு செய்யும் முன்பே சண்டைக்குப் போகாதீர்கள்.

பதினொரு மணிக்கு முதலாளி டயர் தடம் பதிந்த துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சூப்பர்வைசர் யாரென்று அவர் அதிகம் யோசிக்கவில்லை. வீடியோவை உங்கள் அம்மா இன்னும் அழிக்கவில்லை. நான் வண்டி எடுக்கும்போதெல்லாம், “பின்னாடி பாத்துட்டீங்களா?” என்று நீங்கள் மூன்று பேரும் கத்துவது அதனால்தான்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. அன்று வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, கம்பெனி வண்டி நிறுத்தத்தில் என் வண்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். இன்ஜினைப் போட்டு அணைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். இறங்கி நின்று, கண்ணாடியைப் பார்த்து, “வணக்கமுங்க ஐயா. என்ன விசயமுங்க?” என்றேன்.

பெரியப்பா சொன்னதுபோல வரவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து பழக மறுபடி வண்டியில் ஏறினேன்.