மூன்றுகாலும் முழு ஹேங்கர்களும்

மூன்றுகால் குடியிருந்த எந்த வீட்டிலும் முழு ஹேங்கர் ஒன்று உயிர் பிழைத்ததாகக் எங்கள் கிளேட்டன் புறநகர்ச் சரித்திரத்தில் இல்லை.

மன்னார்க்காரன். பல்கலைக்கழகத்தில் கிளாத்ரின் என்னும் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். அதற்கு மூன்று கால்கள். வீட்டிலிருந்த கம்பி ஹேங்கர்களையெல்லாம் அதேபோல மூன்று காலாக வளைத்ததால் அவனுக்கும் அதுவே பெயர். நானோ நாற்பத்தெட்டு வயதில் ஐ.டி. வேலையை உதறிவிட்டு உயிரியல் படிக்க வந்த மாவீரன். அவன் வீட்டில் எனக்கு ஓர் அறை.

செல் வெளியிலிருக்கும் பொருளை எப்படி விழுங்குகிறது என்று வகுப்பில் நான் பேச வேண்டும். தேறாவிட்டால் செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். அதைவிடக் கொடுமை, வேலையை விடாதே என்று தலையில் அடித்துக்கொண்ட மனைவிக்குச் சிட்னிக்குப் போன் போட வேண்டும். இரவெல்லாம் புத்தகத்தைப் புரட்டியும் ஒன்றும் ஏறவில்லை.

"அண்ணை, குசினிக்கு வாங்கோ" என்று சமையலறைக்கு அழைத்தான் மூன்றுகால்.

ரொட்டி மாவைத் தட்டி, நடுவில் ஒரு முந்திரியை வைத்து, என்னை ஓரங்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். அடியில் தன் முக்கால் கம்பிகளை ஒன்றோடொன்று மாட்ட மாட்ட, மாவு குழிந்து முந்திரியோடு கூடைக்குள் இறங்கியது.

"மா, செல்லின்ர தோல். கிளாத்ரின் உள்பக்கம் நிண்டு கூடை கட்டுது. இனிக் கழுத்தைத் திருகுங்கோ, மோதகம் மாதிரி."

திருகினேன். கூடைக்குள் ஓர் உருண்டை.

"அவ்ளோதானா தம்பி? இதுக்கா நான் தூக்கத்தைத் தொலைச்சேன்?"

"பொறுங்கோ. கூடை கழலோணும். கழலாட்டி உருண்டை போற இடத்தில ஒட்டாது."

"அது தெரியாதா எனக்கு" என்றேன், மகா தைரியமாக.

பேச்சு நாளன்று, மாட்ட ஹேங்கர் இல்லாமல் நாற்காலியில் கிடந்த என் சட்டை நொறுக்கிய அப்பளம்போல் கசங்கியிருந்தது. குளிர்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு போனேன். மோதகம்வரை அட்டகாசமாகப் பேசினேன். அப்புறம் மூளை வெள்ளைத்தாள். ஹீட்டர் வேறு. வியர்வை மூக்கில் சொட்டியது.

என் பேச்சைக் கேட்க வந்து கடைசி வரிசையில் இருந்த மூன்றுகால் எழுந்து தன் கோட்டைக் கழற்றினான். மாட்டினான். மறுபடி கழற்றினான். எனக்கு வியர்ப்பதைச் சொல்கிறான் போலும் என்று நானும் கழற்றினேன். சட்டையைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அப்போதுதான் உறைத்தது.

"உருண்டையும் இப்படித்தான், கூடையைக் கழற்றினால்தான் போகுமிடத்தில் ஒட்டும்" என்றேன், ஒரு மாதமாக ஒத்திகை பார்த்தவன்போல. பேராசிரியை கைதட்டினார். தேறினேன்.

"சட்டையை அயர்ன் பண்ணியிருக்கலாம் அண்ணை."

"பண்ணி எதுல மாட்டுறது, உன் தலையிலயா?"

இப்போது அவனுக்குப் பிரிஸ்பேனில் வேலை. அடுத்த வாரம் என்னைப் பார்க்க வருகிறான். நேற்று ஒரு கட்டுக் கம்பி ஹேங்கர் வாங்கி வைத்தேன். என் சட்டைகள் நாற்காலியிலேயே கிடக்கட்டும். வருகிற பிள்ளைக்கு வளைக்க ஏதாவது வேண்டாமா?