பச்சை அட்டை நோட்டு

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. நலம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். பொய் சொல்லித் தொடங்கினால் மிச்சக் கடிதத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால், உங்கள் நலத்தையும் அக்காவின் மூட்டுவலியையும் மட்டும் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் மூச்சு விட்டால்கூட மகளுக்குக் கேட்டுவிடும். படித்ததும் கிழித்துவிடுங்கள். அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிழித்தாலும் சரி, எப்படியும் சொல்லத்தான் போகிறீர்கள்.

மகளுக்கு அந்தப் பெரிய மாலில் பாதுகாப்பு அதிகாரி வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஆறு மாதம் வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. நீங்கள் அந்த மாலைப் பார்த்ததில்லை. தரையில் நம் முகம் தெரியும். கதவைத் திறந்துவிடுகிறவர் நம்மைவிட நல்ல கோட்டு போட்டிருப்பார். ஒரு கைப்பைக்குத் தனி விளக்கு, தனிக் கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் தனிக் காவலாள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட என்னை யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட இடத்தில்தான் போன மாதம் கார் நிறுத்துமிடத்தில் ஒருவன் ஒரு அம்மாளின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அடுத்த வாரம் கடிகாரக் கடையில் கண்ணாடிப் பெட்டி பூட்டினது பூட்டினபடி இருக்க, உள்ளே இருந்த கடிகாரத்தை மட்டும் காணோம். கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பழி யார் தலையில் விழும், நீங்களே சொல்லுங்கள்.

நான் முப்பத்துநாலு வருஷம் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். பூட்டியபின் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. உங்கள் கல்யாணத்தன்று மண்டபச் சமையலறையைப் பூட்டி, இழுத்தும் பார்த்துவிட்டு, உள்ளே சமையல்காரர் இருப்பதைப் பார்க்காமல் வந்ததை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறீர்கள். பூட்டு பிடித்ததா இல்லையா, அதைச் சொல்லமாட்டீர்கள். அந்த அனுபவத்தில்தான், மகள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மால் வாசலில் நின்ற மீசைக்காரக் காவலரிடம், பையைத் திறந்து பார்க்கிறீர்கள், சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறீர்கள், குடையை மட்டும் விரித்துப் பார்ப்பதில்லையே என்று நல்லவிதமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். மறுநாள் மடக்கிய குடைக்குள் ஒரு குழம்புக் கரண்டியை வைத்துக்கொண்டு உள்ளே போய், அதை எடுத்து அவரிடமே காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை மகள், "அப்பா, இனிமே மால் பக்கம் நீங்க வரவே கூடாது" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அத்தான், வாக்குக் கொடுக்கவில்லை, தலைதான் ஆட்டினேன்.

கடிகாரம் போன பிறகு எப்படிச் சும்மா இருப்பது? அடையாளம் தெரியாமல் இருக்க ஒரு தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு, மனைவியிடம் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு, தினமும் மூன்று மணிக்குப் போகத் தொடங்கினேன். ஒரு மாடி விடாமல் எல்லாக் கதவையும் இழுத்துப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையில், உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் பச்சை அட்டை போட்ட சின்ன நோட்டு ஒன்று சும்மா கொடுக்கிறார்கள். அதில் ஒவ்வொன்றாகக் குறித்தேன். மூன்றாவது மாடிப் பின்படிக்கட்டுக் கதவு பூட்டுவதில்லை. இரண்டாவது மாடி கேமரா ஆளைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறது. வியாழக்கிழமை இந்த நோட்டை மகள் கையில் கொடுத்தால், அவள் அதை மேனேஜரிடம் காட்டுவாள், வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரம் என்பது என் திட்டம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் மகள் சாப்பிட வந்தவள் சோற்றைப் பிசையாமலே பேசினாள். மாலில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் தளத்தில், ஒரு நாற்காலிக்கு அடியில் பச்சை அட்டை நோட்டு ஒன்று கிடைத்ததாம். கட்டடத்தின் ஓட்டை அத்தனையும் அதில் இருக்கிறதாம். மூன்றாவது மாடிப் பின்படிக்கட்டுக் கதவு பூட்டாது என்று ஒரு வரி. கடிகாரக் கடைக் காவலாள் நாலு மணிக்கு டீ குடிக்கப் போனால் இருபது நிமிஷம் ஆகும் என்று இன்னொரு வரி. முதல் வரி என்னுடையதேதான். இரண்டாவதை எப்போது எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. வயசானால் எழுதினதுகூட மறந்துபோகிறது. "எழுதினவன் பழம் தின்னு கொட்டை போட்டவன்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள பிடிச்சா ஆர்டர் கையில, இல்லைன்னா வேற வேலை பாருன்னு மேனேஜர் சொல்லிட்டார்" என்றாள். எனக்குப் புரையேறியது. என் மனைவி தலையில் தட்டிய தட்டில் கண்ணாடி கழன்று ரசத்தில் விழுந்தது. அந்த நிலையிலும் கொட்டை போட்டவன் என்றதில் கொஞ்சம் பெருமையாக இருந்தது, உங்களிடம் மறைப்பானேன்.

அவள் போனதும் சட்டைப்பை, அலமாரி, தலையணை உறை, அரிசி டப்பா எல்லாம் தேடிவிட்டேன். என் நோட்டைக் காணோம். அன்றிலிருந்து மால் பக்கம் போகவில்லை. தொப்பியைக் குப்பையில் போட்டேன். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பால் அட்டையில் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். பால்காரர் எனக்குக் கை இழுத்துக்கொண்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நேற்று நாலு பேர் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் இருக்கும்வரை கையைத் தொங்கவிட்டுக்கொண்டே இருந்ததில் இப்போது நிஜமாகவே வலிக்கிறது. வாசலில் மணி அடித்தால் நான் குளியலறைக்குள் போய்விடுகிறேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள், எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

ஜெயிலுக்குப் பயப்படவில்லை அத்தான். மகள் என்னைப் பிடிக்காவிட்டால் வேலை போகும். பிடித்தால், திருடனுக்கு வழி எழுதிக் கொடுத்தவர் உங்க அப்பாவா என்று நூறு பேர் முன்னால் மேனேஜர் கேட்பார். யாருடைய சிபாரிசும் இல்லாமல், நாலு இடத்தில் வேண்டாம் என்று அனுப்பிய பிறகு, அவளாக வாங்கிய வேலை அது. அந்த யூனிபார்ம் சட்டையை இஸ்திரிக்காரரிடம்கூடக் கொடுக்கமாட்டாள், தானே தேய்ப்பாள். அதில் என்னால் ஒரு கறை விழுவதை என்னால் தாங்கமுடியாது. ஆகவே பெட்டி கட்டிவிட்டேன். நாளைக் காலை வண்டியில் வருகிறேன். உங்கள் பின்பக்க அறையில் பத்து நாள் இருக்க இடம் கொடுங்கள். யாராவது கேட்டால் கை வைத்தியத்துக்கு வந்திருக்கிறார் என்று சொல்லுங்கள். மகளுக்குச் சொல்லவேண்டியதை நான் அங்கே வந்து யோசிக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், என்னைப்போல் இல்லாமல் நிம்மதியோடும் இருக்க ஆசிகள். உங்கள் வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் போன தடவையே ஆடிக்கொண்டிருந்தது. நான் வரும்வரை ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வையுங்கள்.

தலைமறைவாகப் போகும்
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும்போதே மகள் வந்துவிட்டாள். கூடத்தில் பெட்டியைப் பார்த்து என்னவென்று கேட்டாள். இந்தக் கடிதத்தில் உள்ள அத்தனையையும் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவள் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த என் குடையை எடுத்து விரித்தாள். பச்சை நோட்டு தரையில் விழுந்தது. வாசலில் சட்டைப்பையைத் தடவுகிறார்களே என்று கரண்டி வைத்த இடத்தில் நானே வைத்தது. மாலில் கிடைத்தது வேறு ஒருவனுடையதாம். நான் தினமும் வருவதையும் நோட்டைக் குடைக்குள் செருகுவதையும் அவள் முதல் நாளிலிருந்தே கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். தொப்பி போட்டிருந்ததால் கண்டுபிடிப்பது இன்னும் சுலபமாக இருந்ததாம். நானாகச் சொல்கிறேனா என்று மூன்று நாளாகக் காத்திருந்தாளாம்.

மாலில் கிடைத்த நோட்டைப் படம் பிடித்துக்கொண்டு, அவன் தேடி வந்தால் சந்தேகப்படாமல் இருக்க எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்திருக்கிறார்கள். அதன் கடைசிப் பக்கத்தைப் போனில் காட்டினாள். "தினமும் மூணு மணிக்குக் குடையோட ஒரு கிழவன் வர்றான். எல்லாக் கதவையும் இழுத்துப் பாக்கறான். இந்த இடத்துலயே உஷாரான ஆள் அவன் ஒருத்தன்தான். அவன் வந்துட்டுப் போனப்புறம்தான் வேலையை ஆரம்பிக்கணும்" என்று எழுதியிருந்தது. நான் சனிக்கிழமையிலிருந்து போகாததால், எந்நேரத்தில் வருவேனோ என்று அவனும் வேலையை ஆரம்பிக்காமல் இருக்கிறானாம்.

ஆகவே நான் அங்கே வரவில்லை. மேலே எழுதியதில் தாழ்ப்பாளைத் தவிர எதையும் பொருட்படுத்த வேண்டாம். "நாளைக்கு மூணு மணிக்கு வழக்கம்போல வந்து, எல்லாத்தையும் இழுத்துப் பாத்துட்டுப் போங்கப்பா. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

"தினமும் பயந்துகிட்டுதானே வர்றீங்க. அப்படியே வாங்க. அப்பதான் அவனுக்குச் சந்தேகம் வராது."